லெஜியாவ் உர்பானா உண்மையில் எப்போது முடிந்தது?

பிரேசில் இசையைப் பற்றிப் பேச்சு வந்தபோது நண்பர் ஒருவர் கேட்டார்: "லெஜியாவ் உர்பானா என்ற ராக் குழுவை அந்த நாட்டுக்காரர்கள் இன்றும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்களே, அப்படி என்ன செய்துவிட்டார்கள்? பாடகர் எய்ட்ஸ் நோயால் இறந்தார், அதோடு குழு முடிந்தது என்று படித்தேன். அவ்வளவுதானா?"

தேதிக் கணக்குப்படி அவ்வளவுதான். 1996 அக்டோபர் 11 அன்று ரெனாட்டோ ருஸ்ஸோ இறந்தார். 22ஆம் தேதி, மீதமிருந்த இருவரும் குழு கலைந்துவிட்டது என்று அறிவித்தார்கள். ஆனால் என்னைக் கேட்டால், அந்தக் குழு முடியத் தொடங்கியது அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1988 ஜூன் 18 அன்று, பிரசிலியாவின் கால்பந்து மைதானத்தில். நோய் அந்தக் கதையின் பிற்பாதியில்தான் வருகிறது. முற்பாதியைச் சொல்ல வேண்டுமென்றால் ஊரிலிருந்து தொடங்க வேண்டும்.

பிரசிலியா 1960 ஏப்ரல் 21 அன்று திறந்துவைக்கப்பட்ட நகரம். ரியோ டி ஜெனிரோவில் இருந்த தலைநகரை நாட்டின் நடுவே ஆள் அரவமற்ற ஒரு பீடபூமிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நகர அமைப்பைத் தீட்டியவர் லூசியோ கோஸ்டா, கட்டடங்களை வரைந்தவர் ஆஸ்கர் நீமேயர். பார்க்கப் பிரமாதமான ஊர்தான்; ஆனால் காரில் போகிறவனை மனத்தில் வைத்துப் போட்ட ஊர். நடந்து போகிறவன் நின்று நாலு பேரோடு பேச அங்கே ஒரு தெருமுனை கிடையாது. அரசு அதிகாரிகள், தூதரக அலுவலர்கள், வங்கிக்காரர்கள், பேராசிரியர்கள் என்று குடியேறியவர்களின் பிள்ளைகள் எழுபதுகளின் கடைசியில் பதின்ம வயதுக்கு வந்தபோது அவர்களுக்குப் பொழுதைப் போக்க வழியே இல்லை. 1964 முதல் நாட்டை ஆண்டது ராணுவம். அதன் அதிகார மையத்தின் காலடியிலேயே வளர்ந்த பிள்ளைகள் இவர்கள்.

ஒரே ஒரு வசதி இருந்தது. வெளிநாட்டுப் பணி முடிந்து திரும்பும் குடும்பங்களின் பெட்டிகளில், பிரேசில் கடைகளில் எளிதில் கிடைக்காத, பங்க் என்ற முரட்டு எளிய ராக் வகையின் இசைத்தட்டுகள் வந்து சேர்ந்தன. பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் குடியிருப்பான கோலினாவில் இளைஞர்கள் கூடி அவற்றைக் கேட்டார்கள், பிறகு தாங்களே வாசிக்கத் தொடங்கினார்கள். எண்பதுகளில் பிரேசில் ராக் இசையில் பெயர் பெற்ற மூன்று குழுக்கள், அதாவது லெஜியாவ் உர்பானா, காபிடல் இனிசியல், பிளெபி ருடி, இந்தச் சின்ன நட்பு வட்டத்திலிருந்து முளைத்தவை.

ரெனாட்டோ மன்ஃப்ரெடினி ஜூனியர் பிறந்தது 1960 மார்ச் 27, ரியோவில். பிரசிலியாவைவிட ஒரு மாதம்கூட மூத்தவரில்லை. அப்பா பாங்கோ டோ பிரேசில் வங்கியில் வேலை. அதனால் குழந்தைப் பருவத்தில் சில காலம் நியூயார்க்கில் இருந்தார், ஆங்கிலம் சரளமாக வந்தது. 1973இல் குடும்பம் பிரசிலியாவுக்கு வந்தது. பதினைந்து வயதில் இடுப்பெலும்பைத் தாக்கும் ஒரு நோய். அறுவை சிகிச்சை, நீண்ட படுக்கை. அந்தக் காலத்தில் அவர் செய்த வேலை விசித்திரமானது. '42ஆவது தெரு' என்ற பெயரில் இல்லாத ஒரு ஆங்கில ராக் குழுவைக் கற்பனை செய்து, அதன் உறுப்பினர்கள் யார், எந்த ஆண்டில் என்ன ஆல்பம், யார் விலகினார், யார் சேர்ந்தார் என்று முழு வரலாற்றையும் எழுதி வைத்தார். ஒரு குழுவின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஒரு குழுவில் சேரும் முன்பே எழுதிப் பழகிவிட்டார்! ரூசோ, ரஸ்ஸல் என்று படித்த தத்துவஞானிகளின் பெயர்களை ஒட்டித் தனக்கு 'ருஸ்ஸோ' என்று பெயர் வைத்துக்கொண்டதும் இந்த மனப்போக்கின் தொடர்ச்சிதான். எழுந்து நடமாடத் தொடங்கியபின் ஆங்கில ஆசிரியராக வேலை பார்த்தார்.

1978இல், தென்னாப்பிரிக்கத் தூதரக அதிகாரி ஒருவரின் மகன் ஆந்த்ரே பிரிட்டோரியஸ், டிரம்ஸ் வாசித்த ஃபே லெமோஸ் ஆகியோருடன் சேர்ந்து அபோர்ட்டோ எலெட்ரிகோ என்ற பங்க் குழுவைத் தொடங்கினார். பிற்பாடு நாடே பாடிய பாடல்களில் பல இந்தக் குழுவுக்காக எழுதப்பட்டவை. ஆனால் ரெனாட்டோவுக்கும் ஃபேவுக்கும் ஒத்துப்போகவில்லை. 'கீமிக்கா' என்ற பாடலை ஃபே மட்டம் என்று சொன்னதில் பிணக்கு முற்றியது. இந்தப் பாடலை மறந்துவிடாதீர்கள், சற்று நேரத்தில் திரும்பி வரும். குழு உடைந்தது, லெமோஸ் சகோதரர்கள் காபிடல் இனிசியல் குழுவைத் தொடங்கினார்கள். ரெனாட்டோ கொஞ்ச நாள் தனியாகக் கிட்டாரை எடுத்துக்கொண்டு, மற்ற குழுக்களின் நிகழ்ச்சிகளுக்கு முன்பு கதைப்பாடல்கள் பாடினார். பங்க் ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். அவர் விடவில்லை.

1982இல் டிரம்ஸ் வாசிக்கும் மார்செலோ போன்ஃபாவுடன் சேர்ந்து லெஜியாவ் உர்பானாவைத் தொடங்கினார். நகர்ப்புறப் படை என்று பொருள். நிலையாக இருவர் இருப்பார்கள், மற்றவர்கள் வந்து போகலாம் என்பதே முதல் திட்டம். முதல் நிகழ்ச்சி செப்டம்பர் 5 அன்று, மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் பாட்டோஸ் டி மினாஸ் ஊரில். பாடல் வரிகளைக் கேட்டு உள்ளூர்க் காவல்துறை நிகழ்ச்சி முடிந்ததும் பையன்களை அழைத்துப் போய் விசாரித்ததாம். தொடக்கமே அப்படி. அடுத்த ஆண்டு டாடோ வில்லா-லோபோஸ் கிட்டார் வாசிக்க வந்தார். தூதரக அதிகாரியின் மகன், இசையமைப்பாளர் எய்ட்டோர் வில்லா-லோபோஸின் உறவு. வம்சப் பெயர் பெரிது, ஆனால் சேரும்போது அவருக்குக் கிட்டார் சுமாராகத்தான் வரும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர் வாசிப்பில் இருந்த எளிமைதான் ரெனாட்டோவின் குரலுக்கு இடம் விட்டது.

அப்போதுதான் 'கீமிக்கா' திரும்பி வந்தது. பாரலாமாஸ் டோ சுசெசோ குழுவின் எர்பெர்ட் வியானாவும் பிரசிலியாவில் வளர்ந்தவர், பழைய சிநேகிதர். 1983இல் அவர்கள் தங்கள் முதல் ஆல்பத்தில் அந்தப் பாடலைச் சேர்த்தார்கள். எழுதியவர் யார் என்று இ.எம்.ஐ. இசைத்தட்டு நிறுவனம் விசாரித்தது, கதவு திறந்தது. நண்பனே மட்டம் என்று ஒதுக்கிய பாடல் ரியோவுக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்துவிட்டது. ஆனால் ஒலிப்பதிவுக்கு முன்பு, 1984இல், ரெனாட்டோ தன் மணிக்கட்டுகளைத் தானே காயப்படுத்திக்கொண்டார். அதுவரை பாடிக்கொண்டே பேஸ் கிட்டாரும் வாசித்தவருக்கு இனி வாசிக்க முடியாது என்ற நிலை. அந்த இடத்துக்கு வந்தவர் ரெனாட்டோ ரோஷா. நெக்ரெட்டே என்று அழைப்பார்கள். புகழ்பெற்ற நால்வர் அணி அமைந்த விதம் இதுதான்.

முதல் ஆல்பம் 1985 ஜனவரித் தொடக்கத்தில் வந்தது. அந்த மாதத்தைப் பாருங்கள்: ஜனவரி 15 அன்று டான்கிரெடோ நெவெஸ் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு இருபத்தொரு ஆண்டு ராணுவ ஆட்சிக்கு முடிவு வந்தது, அதே வாரத்தில் ரியோவில் 'ராக் இன் ரியோ' விழா பெருங்கூட்டத்தோடு நடந்துகொண்டிருந்தது. லெஜியாவ் அந்த விழாவில் பாடவில்லை. ஆனால் 'சேரா' என்ற பாடல் வானொலி வழியாக மெல்லப் பரவியது. 1986இல் வந்த 'டோய்ஸ்' அவர்களை உச்சிக்குக் கொண்டுபோனது. அதை இரட்டை ஆல்பமாகக் கொண்டுவர ரெனாட்டோ ஆசைப்பட்டார், நிறுவனம் மறுத்துவிட்டது. அந்த ஆண்டு பிப்ரவரியில் அரசு விலைவாசியை முடக்கிய க்ருசாடோ திட்டத்தால் மக்கள் கையில் திடீரென்று காசு புழங்கியது. இசைத்தட்டு விற்பனை எங்கும் எகிறியது. இதைச் சொல்லாமல் அந்தக் காலப் பிரேசில் ராக் அலையை விளக்கவே முடியாது.

சரி, அப்படி என்ன இருந்தது அவர்களிடம்? வாத்தியத் திறமை என்று பார்த்தால் பாரலாமாஸ் பல படி மேல். லெஜியாவ் இசையில் எண்பதுகளின் ஆங்கிலக் குழுக்களின் சாயல் அப்பட்டமாகத் தெரியும். வேறுபாடு வரிகளில்தான் இருக்கிறது. 'எட்வார்டோ இ மோனிக்கா'வை எடுத்துக்கொள்ளுங்கள். பையனுக்குப் பதினாறு வயது. பெண் மருத்துவ மாணவி, வயதில் மூத்தவள், ஜெர்மன் பேசுகிறாள். பையன் இன்னும் ஆங்கில அரிச்சுவடி வகுப்பில் இருக்கிறான், தாத்தாவோடு மேசையில் பட்டன்களை நகர்த்தி ஆடும் பட்டன் கால்பந்து விளையாடுகிறான். அவள் மோட்டார் சைக்கிளில் வருகிறாள், அவன் சைக்கிளில் வருகிறான். பல்லவி கிடையாது, காதல் வசனம் கிடையாது. ஒரு குடும்பக் கதையை யாரோ திண்ணையில் உட்கார்ந்து சொல்வதைப்போல ஓடுகிறது. அதைப் பாடுகிற குரலோ தேவாலயத்தில் ஒலிக்கத்தக்க கனத்த ஆண் குரல். சாதாரணப் பேச்சை அந்தக் கனத்தோடு சொல்லும்போது, கேட்கிற பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தன் வாழ்க்கையையே ஒரு பெரியவர் மதித்துப் பேசுவதாகத் தோன்றியது. மற்ற குழுக்களுக்கு ரசிகர்கள் இருந்தார்கள். இவருக்குச் சீடர்கள் சேர்ந்தார்கள். அவருக்குப் பிடிக்காததும் அதுதான்.

மூன்றாவது ஆல்பம் 1987 இறுதியில் வந்தது. கையில் புதிய பாடல்கள் போதவில்லை, நிறுவனம் நெருக்கியது. அபோர்ட்டோ காலத்துப் பாடல்களைத் தூசி தட்டி எடுத்தார்கள். 'கெ பாயிஸ் எ எஸ்தே', அதாவது 'இது என்ன நாடு', 1978இல் ராணுவத்தை நினைத்து எழுதியது. ஒன்பது ஆண்டு கழித்து, சிவில் ஆட்சியில் வெளியானபோதும் ஓர் எழுத்தையும் மாற்றத் தேவைப்படவில்லை. இன்றுவரை ஒவ்வோர் ஊழல் செய்தியின்போதும் அது பாடப்படுகிறது. நிகழ்ச்சிகளில் அந்தக் கேள்விக்குக் கூட்டம் ஒரு கெட்ட வார்த்தையைச் சேர்த்து "பிரேசில்!" என்று பதில் சொல்வது வழக்கமாகிவிட்டது.

அதே ஆல்பத்தில்தான் 'ஃபரோயெஸ்தே காபோக்லோ' இருக்கிறது. ஒன்பது நிமிடம், 159 வரிகள், பல்லவியே இல்லை. ஜோவாவ் டி சாந்தோ கிரிஸ்தோ என்ற ஏழைப் பையன் பிழைப்புத் தேடி பிரசிலியாவுக்கு வருகிறான், தச்சு வேலை செய்கிறான், போதைப்பொருள் விற்கிறான், காதலிக்கிறான். கடைசியில் நகரத்தை ஒட்டிய செய்லாந்தியாவில், தொலைக்காட்சிக் கேமராக்கள் பார்த்திருக்கத் துப்பாக்கிச் சண்டையில் சாகிறான். மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடும் பாடலைத் தொடத் தயங்கும் வானொலி நிலையங்கள், வசைச் சொல் வரும் இடங்களில் மட்டும் ஒலியை மறைத்துவிட்டு இதை முழுதாகப் போட்டன. நாடெங்கும் பிள்ளைகள் 159 வரிகளையும் மனப்பாடம் செய்தார்கள். மேட்டுக்குடிப் பையன் ஒருவன், தன் ஊரின் விளிம்பில் வாழ்கிறவர்களைப் பற்றி எழுதிய பாட்டு அது. அந்த விளிம்பும் அதைக் கேட்டது.

அந்த நிலையில்தான் 1988 ஜூன் 18 வருகிறது. சொந்த ஊரில், மானே காரிஞ்சா மைதானத்தில், ஐம்பதாயிரம் பேர் அளவுக்குக் கூட்டம். உள்ளே நுழையவே நெரிசல், குதிரைப்படைக் காவலர்கள், தாமதம். பாட்டு தொடங்கியதும் மேடையை நோக்கிப் பட்டாசுகள் பறந்தன. ஒருவன் மேடையில் ஏறி ரெனாட்டோவைப் பிடித்துக்கொண்டான். அவனை அப்புறப்படுத்தினார்கள், ஆனால் ரெனாட்டோ சும்மா இருக்கவில்லை. மைக்கில் கூட்டத்தைத் திட்டித் தீர்த்தார். பதிலுக்கு இன்னும் பொருள்கள் பறந்தன. ஒரு மணி நேரத்துக்குள் குழு மேடையை விட்டு இறங்கியது, திரும்பி வரவில்லை. கூட்டம் கையில் கிடைத்ததை உடைத்தது. நூற்றுக்கணக்கானோருக்குக் காயம். மறுநாள் ஊரே பாடகரைக் குற்றவாளியாக்கியது.

குற்றம் யாருடையது? ஏற்பாட்டாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ரெனாட்டோவுக்கும் உண்டு, கோபத்தில் இருக்கும் அரை லட்சம் பேரை மைக்கில் ஏசுகிறவன் தன் வேலையைச் சரியாகச் செய்கிறான் என்று என்னால் சொல்ல முடியாது. எப்படியானாலும், லெஜியாவ் உர்பானா அதன்பிறகு பிரசிலியாவில் ஒருமுறைகூடப் பாடவில்லை. அந்த மைதானத்தை இடித்து, 2014 உலகக் கோப்பைக்காக அதே இடத்தில் புதிதாகக் கட்டினார்கள். 2013இல் அங்கே நடந்த அஞ்சலி நிகழ்ச்சியில் ரெனாட்டோவை ஒளியுருவாக மேடையேற்றினார்கள். உயிரோடு வர மறுத்தவரை இப்படி வரவழைத்தது எனக்குக் கொஞ்சம் அராஜகமாகத்தான் படுகிறது.

அந்த இரவுக்குப் பிறகு குழு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் ஒதுங்கியது. ஓராண்டுக்கு மேல் உள்ளேயே கிடந்து உருவாக்கியதுதான் 1989 அக்டோபரில் வந்த 'அஸ் குவாத்ரோ எஸ்தசோயிஸ்'. நடுவில் நெக்ரெட்டே வெளியேற்றப்பட்டார். ஒத்திகைக்குச் சரியாக வருவதில்லை என்பது காரணம். பேஸ் பகுதிகளை ரெனாட்டோவும் டாடோவுமே வாசித்து முடித்தார்கள். விற்பனையில் பத்து லட்சத்தைத் தாண்டியது. பாதிக்கு மேற்பட்ட பாடல்கள் வானொலியில் ஓடின. கோபம் குறைந்து, ஒருவித பக்தி ஏறியிருந்தது. 'மோன்டே காஸ்டெலோ' பாடலில் பவுல் அடிகள் கொரிந்தியருக்கு எழுதிய அன்பைப் பற்றிய பகுதியையும், பதினாறாம் நூற்றாண்டுப் போர்ச்சுகீசியக் கவி கமோயிஸின் சொனெட்டையும் (பதினான்கு வரிக் கவிதை) பின்னியிருந்தார். தனக்கு ஆண்களையும் பெண்களையும் பிடிக்கும் என்பதை இன்னொரு பாடலில் மறைக்காமல் சொன்னார். 1989 பிரேசிலில் ஒரு முன்னணிப் பாடகருக்கு அது சின்ன விஷயமில்லை.

ஆனால் இன்னொன்றை அவர் சொல்லவில்லை. எச்.ஐ.வி. தொற்று இருப்பது இந்தக் காலக்கட்டத்தில்தான் அவருக்குத் தெரியவந்தது. இன்னொரு பெரும் ராக் பாடகரான காஸுஸா 1989இல் தன் நோயை வெளிப்படையாக அறிவித்து, நாடே பார்த்திருக்க மெலிந்து, 1990 ஜூலை 7 அன்று இறந்தார். அன்று ரியோவில் லெஜியாவின் நிகழ்ச்சி. ரெனாட்டோ மேடையில் காஸுஸாவுக்கு அஞ்சலி செலுத்தினார். தன் நிலையைச் சொல்லவில்லை, கடைசிவரை பொதுவெளியில் சொல்லவேயில்லை. ஏன் என்று அவரைக் குற்றம் சாட்டும் ரசிகர்கள் உண்டு. பத்திரிகைகள் காஸுஸாவின் உடலை எப்படிக் காட்சிப்பொருளாக்கின என்பதைப் பார்த்தவர் வாயை மூடிக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை.

1990 மார்ச்சில் புதிய ஜனாதிபதி கொலோர் மக்களின் வங்கிச் சேமிப்பை முடக்கினார். கையில் பணமில்லாத, விரக்தியடைந்த நாட்டின் இசை என்று 1991 டிசம்பரில் வந்த 'வி' (ஐந்தைக் குறிக்கும் ரோம எண்) ஆல்பத்தைச் சொல்லலாம்; மெதுவானது, நீளமானது, இருண்டது. என் கணிப்பில் அவர்களுடைய சிறந்த ஆல்பம் அதுதான், விற்பனை வேறு சொன்னாலும். அதற்கான சுற்றுப்பயணம் 1992இல் ரெனாட்டோவின் குடியால் பாதியில் நின்றது. பிறகு மறுவாழ்வு மையம். தெளிந்து வந்து 1993இல் 'ஓ டெஸ்கோப்ரிமென்டோ டோ பிரேசில்'. நடுவே ஆங்கிலத்தில் ஒன்று, இத்தாலியத்தில் ஒன்று என இரண்டு தனி ஆல்பங்கள். மன்ஃப்ரெடினி என்ற குடும்பப் பெயரே இத்தாலியிலிருந்து வந்ததுதான்.

கடைசி நிகழ்ச்சி 1995 ஜனவரி 14, சாந்தோஸ் நகரில் ஓர் இரவு விடுதி. கூட்டத்திலிருந்து ஏதோ ஒன்று பறந்து வந்தது. 1988இல் திட்டிய மனிதர் இம்முறை திட்டவில்லை. மேடையிலேயே படுத்துக்கொண்டு, படுத்தபடி பாடினார். அதற்குப் பின் லெஜியாவ் உர்பானா மேடை ஏறவில்லை. நான் 1988 என்று சொன்னதன் பொருள் இதுதான்: கூட்டத்துக்கும் அவருக்கும் இருந்த உறவு பிரசிலியாவில் முறிந்தது, அதன்பின் ஒட்டவே இல்லை. ஆல்பங்கள் வர வர மேடைகள் குறைந்தன. மேடையில் குழுவாக இருந்தது, கூடத்துக்குள் ஒரு மனிதரின் நாட்குறிப்பாகச் சுருங்கியது. அந்த மனிதர் போனால் மற்றவர்கள் தொடர்வதற்கு எதுவும் மிஞ்சாது.

1996இல் 'ஆ டெம்பெஸ்தாடே' பதிவானபோது ரெனாட்டோ மிகவும் தளர்ந்திருந்தார். முதலில் மாதிரிக்காக ஒருமுறை பாடிவைத்து, இசை சேர்ந்தபின் மறுபடி ஒழுங்காகப் பாடுவது ஒலிப்பதிவு வழக்கம். இதில் 'ஆ வியா லாக்தெயா' தவிர மற்றவற்றில் அந்த மாதிரிக் குரலே நின்றுவிட்டது. திரும்பப் பாட அவர் வரவில்லை. கேட்டால் தெரியும்: மைதானத்தை நிறைத்த குரல் அதில் மூச்சுக்குத் திணறுகிறது. முந்தைய ஆல்பங்களின் உறையில் 'உர்பானா லெஜியோ ஓம்னியா வின்சித்', நகர்ப்புறப் படை அனைத்தையும் வெல்லும் என்ற லத்தீன் வாசகம் இருக்கும். இதில் அதை எடுத்துவிட்டார்கள். ஆல்பம் செப்டம்பர் 20 அன்று வெளியானது. மூன்று வாரம் கழித்து, ஐபனெமாவில் தன் வீட்டில் ரெனாட்டோ இறந்தார். வயது 36.

எச்.ஐ.வி. மருந்துகளை நோயாளிகளுக்கு இலவசமாக வழங்க வகைசெய்யும் பிரேசிலின் 9.313ஆம் எண் சட்டம் அதே ஆண்டு நவம்பர் 13 அன்று வந்தது. பணமில்லாமல் அவர் சாகவில்லை என்பது உண்மை. ஆனால் புதிய கூட்டு மருந்துகள் அந்த நோயின் போக்கையே மாற்றத் தொடங்கிய ஆண்டும் அதுதான்.

மிச்சமிருந்த பதிவுகள் 1997இல் 'உமா ஓத்ரா எஸ்தசாவ்' என்று வந்தன. அதில் 'சக்ராடோ கோராசாவ்' என்ற பாடலுக்கு வரிகள் சிறுபுத்தகத்தில் அச்சாகியிருக்கின்றன; ஒலியில் குரல் இல்லை, இசை மட்டும் ஓடுகிறது. அவர் அதைப் பாடும் முன்பே இறந்துவிட்டார். வேறு யாரையும் வைத்துப் பாடவைக்காமல் விட்டதற்காக டாடோவையும் போன்ஃபாவையும் நான் மெச்சுகிறேன்.

பின்கதை அவ்வளவு கண்ணியமாக இல்லை. குழுவின் பெயர் பதிவாகியிருந்த நிறுவனம் ரெனாட்டோவின் மகனுக்குப் போனது. அந்தப் பெயரில் மேடையேற மற்ற இருவருக்கும் உரிமை உண்டா என்று ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. 2021 ஜூனில் உயர் நீதிமன்ற அமர்வு, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் இருவருக்கும் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இதற்கிடையே வீடிழந்து தெருவில் வாழ்ந்த நிலையில் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட நெக்ரெட்டே 2015 பிப்ரவரியில் இறந்தார். பத்து லட்சக்கணக்கில் விற்ற குழுவின் பேஸ் கலைஞர்! அவர் எழுதிய பாடல்கள் சொற்பம், ஆகவே உரிமத்தொகையும் சொற்பம் என்பது ஒரு விளக்கம். அதைக் கேட்டு யாரும் சமாதானமாகிவிட முடியாது.

கேட்கத் தொடங்க நினைத்தால் 'டோய்ஸ்' ஆல்பத்தை எடுங்கள். மொழி தெரியாவிட்டாலும் 'டெம்போ பெர்டிடோ'வின் தொடக்கக் கிட்டார் கையைப் பிடித்து அழைத்துப் போகும். பிறகு 1992இல் பதிவாகி 1999இல் வெளியான, எம்.டி.வி. இசைத் தொலைக்காட்சியின் நிகழ்ச்சி: மின்கிட்டார் இல்லாமல், சின்னக் கூட்டத்தின் முன், உட்கார்ந்து, சிரித்துப் பேசியபடி பாடுகிறார்கள். கடைசி ஆல்பத்தைக் கடைசியில் கேளுங்கள், இரவில் வேண்டாம்.